குதிரைச் சவாரிச் சிகிச்சை: பெற்றோர் அறிய வேண்டியது

“எங்க பிள்ளைக்கு மூளை முடக்குவாதம். குதிரையில ஏத்தினா நடந்துடும்னு சொல்றாங்களே, நெசமா?” என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். நடந்துவிடும் என்று யார் உறுதி சொன்னாலும் நம்பாதீர்கள். ஆனால் பலன் உண்டு. அது எப்படி வருகிறது என்று பார்ப்போம்.

குதிரை நடக்கும்போது அதன் முதுகு மேலும் கீழும், முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் அசைகிறது. நாம் நடக்கையில் நம் இடுப்பும் இப்படித்தான் அசையும். நடக்க முடியாத பிள்ளையின் இடுப்புக்கு அந்த அசைவைக் குதிரை பழக்குகிறது. நிமிடத்துக்குச் சுமார் 100 அடி வைக்கும். பத்து நிமிடத்தில் ஆயிரம் தடவை பிள்ளை விழாமலிருக்கத் தன் உடம்பைச் சரிசெய்துகொள்கிறது. எந்தத் தாயால் மடியில் வைத்து ஆயிரம் தடவை அசைக்க முடியும்? இதனால் உட்காரும் பலம் கூடலாம், விறைத்த தொடை சற்றுத் தளரலாம். மூளையில் ஏற்பட்ட சேதம் மாறாது.

டென்மார்க்கில் லிஸ் ஹார்ட்டெல் என்ற பெண்ணுக்கு 1944-ல், கர்ப்பமாக இருந்தபோது, இளம்பிள்ளைவாதம் வந்தது. குழந்தை சுகமாகப் பிறந்தது. தாய்க்கோ முழங்காலுக்குக் கீழே செயல் திரும்பவில்லை. பிறர் ஏற்றிவிட, மறுபடி சவாரி பழகி, 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். கால் குணமாகாமலே பெற்றார் என்பதைக் கவனியுங்கள்.

இனி குதிரையின் பக்கம். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பிள்ளை ஒரு பக்கமே சாய்ந்து உட்கார்ந்தால் குதிரைக்கு முதுகு வலிக்கும். வலியுள்ள குதிரை அடியைக் குறுக்கி வைக்கும். இங்கே அதன் நடைதான் மருந்து. நடை கெட்டால் மருந்தும் கெட்டது. நுகத்தடி பட்டுக் கழுத்துப் புண்ணான மாட்டை வண்டியில் பூட்ட நமக்கு மனசு வருமா? காதைப் பின்னால் மடக்கினாலும், வாலை ஓயாமல் வீசினாலும், தலையை உதறினாலும் “போதும்” என்கிறது குதிரை. முறையாக நடத்தும் இடங்களில் இந்த வேலையால் அதற்குப் பெரிய வேதனை இல்லை என்றே பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன. ஏற்றும் பாரம் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. மேய்ச்சல், ஓய்வு, துணைக்கு இன்னொரு குதிரை, இவையும் வேண்டும்.

கடற்கரையிலும் திருவிழாவிலும் காசுக்கு ஏற்றும் குதிரை இதற்கு ஆகாது. தலைக்கவசம் இராது, இருபுறமும் பிடிக்க ஆள் இராது. காலையிலிருந்து அது எத்தனை பேரைச் சுமந்ததோ! இடுப்பு மூட்டு விலகிய பிள்ளையையும், அடங்காத வலிப்புள்ள பிள்ளையையும் எந்தக் குதிரையிலும் ஏற்றக்கூடாது. மற்றப் பிள்ளைகளுக்கும் டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகே.

இந்தச் சிகிச்சை நம் கிராமங்களில் எளிதில் கிடைக்காது. அதற்காகக் கடன் வாங்கி அலைய வேண்டாம். குதிரை இல்லாமலும் உட்காரவும் நிற்கவும் பயிற்சி உண்டு. நாலு மாதமாகியும் தலை நிற்கலை, ஒன்பது மாதமாகியும் தானாக உட்காரலை என்றால், “போகப் போகச் சரியாயிடும்” என்று காத்திராமல் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். கிரகணத்தில் வெளியே வந்தாள் என்று தாய்மேல் பழி போடாதீர்கள். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அரசு மருத்துவமனையோடு சேர்ந்த மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்தில் இலவசமாகப் பரிசோதித்து, வீட்டில் செய்யும் பயிற்சியைக் கற்றுத் தருகிறார்கள். தகப்பனும் கூடப் போய்க் கற்றுக்கொள்ள வேண்டும். பிள்ளை வளர வளர, தாய் ஒருத்தியால் தூக்க முடியாது.