பியரா, வைனா? போத்தலைத் திருப்பிப் பாருங்க!

தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து தம்பிமார் கொட்டகலை ஸ்டேஷனில் இறங்கும்போது பையில் டின் பியர் இருக்கும். கட்டார், டுபாய் போய் வந்தவர்கள் என்றால் ஏர்போர்ட்டில் வாங்கிய சிவப்பு வைன் ஒன்றும் சேர்ந்து வரும். "பியர் சும்மா பார்லித் தண்ணிதானே" என்பார் ஒருவர். "வைன் நெஞ்சுக்கு நல்லது, டொக்டர்மாரே சொல்றாங்க" என்பார் இன்னொருவர். தங்கச்சிமாரே, இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நிறத்தையும் ருசியையும் பார்க்காதீங்க. போத்தலைத் திருப்பி, சின்ன எழுத்தில் இருக்கும் சதவீதத்தைப் பாருங்க.

கணக்கு லேசு. எத்தனை மில்லி, எத்தனை சதவீதம் என்று பெருக்கி நூறால் வகுங்க. வருவதை 0.8ஆல் பெருக்கினால் உள்ளே இருக்கும் சுத்த மதுசாரம் கிராமில் கிடைக்கும். லயன் லாகர் 4.8 சதவீதம், 500 மில்லி டின்னில் ஏறக்குறைய 19 கிராம். 13 சதவீத வைன் 150 மில்லி கிளாஸ் ஒன்றில் 15, 16 கிராம். இதுவரை பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நம்ம பக்கம் அதிகம் ஓடுவது ஸ்ட்ரோங் பியர். அது 8.8 சதவீதம். அதே அளவு டின்னில் 35 கிராம்! இரண்டு கிளாஸ் வைனைவிடக் கூட. கால் போத்தல் சாராயத்தில் ஏறக்குறைய முக்கால்வாசி. "சாராயத்தை விட்டுட்டேன், இப்ப பியர் மட்டுந்தான்" என்று பெருமையாகச் சொல்லும் அண்ணன்மாரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்க. இரண்டு ஸ்ட்ரோங் டின் என்றால் 70 கிராம், அவர் விட்டது ஒன்றுமே இல்லை.

வைன் கதைக்கு வருவோம். பிரான்ஸ்காரர்கள் கொழுப்பாகச் சாப்பிட்டும் அவர்களுக்கு மாரடைப்பு குறைவு, காரணம் சிவப்பு வைன் என்று 1991இல் அமெரிக்க டிவி ஒன்றில் சொன்னார்கள். அன்றிலிருந்து உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. பிறகு நிதானமாகப் பார்த்தவர்கள் ஓட்டைகளைக் கண்டார்கள். "குடிக்காதவர்கள்" என்று கணக்கெடுத்தவர்களில், நோய் வந்ததால் குடியை நிறுத்தியவர்களும் இருந்தார்கள். வைன் குடிப்பவர்களோ பெரும்பாலும் வசதியானவர்கள், மரக்கறி பழம் சாப்பிடுகிறவர்கள். நல்ல பெயரை மட்டும் வைன் வாங்கிக்கொண்டது. உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டது: ஆபத்தில்லாத அளவு என்று மதுவில் ஒன்று இல்லை. வாய், தொண்டை, ஈரல், குடல், பெண்களுக்கு மார்பு என்று குறைந்தது ஏழு வகைப் புற்றுநோய்க்கு மதுசாரம் காரணம். அது வைனில் வந்தாலும் பியரில் வந்தாலும் உடம்புக்கு ஒன்றுதான்.

திராட்சைத் தோலில் இருக்கிற பொலிபினோல்தான் நல்லது என்கிறார்களே? பொலிபினோல் நாம் பறிக்கிற கொழுந்திலும் தாராளமாக இருக்கிறது, போதையில்லாமல். ஒரு சாயத்தண்ணி போதும். ஆனால் சோற்றோடு சேர்த்துக் குடிக்காதீங்க, சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் விடுங்க. தேயிலை சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். இரத்தம் குறைந்த பெண்கள் நம் தோட்டங்களில் நிறையப் பேர்.

ஒரு விஷயத்தில் மட்டும் பியர் வைனைவிட மோசம். பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிற வலி வருமே, அந்த யூரிக் அமில வருத்தக்காரர்கள் பியர் பக்கமே போகக்கூடாது. பியரில் பியூரின் இருக்கிறது, சாராயத்தைவிடவும் அது அந்த வலியைக் கிளப்பும்.

இன்னொரு பழைய நம்பிக்கை, குளிருக்குக் குடிப்பது. நுவரெலியாவில் வெள்ளைக்காரன் சாமுவேல் பேக்கர் பியர் வடித்த காலத்திலிருந்தே இந்தப் பேச்சு இருந்திருக்கும் போல. குடித்தால் தோலுக்கு இரத்தம் பாய்ந்து சூடு தெரியும், உண்மைதான். ஆனால் அது உள்சூடு வெளியே போகிற வழி. மழையில் நனைந்த பிறகு குடித்துவிட்டு லயத்து வாசலில் படுத்தால் உடம்பு இன்னும் குளிர்ந்துதான் போகும். கம்பளியும் இஞ்சித் தேத்தண்ணியும் கொடுங்க.

சீனி வருத்தத்துக்கு குளிசையோ ஊசியோ எடுப்பவர் வெறும் வயிற்றில் குடித்தால் சீனி சட்டென்று இறங்கக்கூடும். தள்ளாடுகிறார், வியர்க்கிறது என்றால் வெறி என்று நினைத்து விட்டுவிடாதீங்க. மறுநாள் தலைவலிக்குப் பனடோலை அள்ளிப் போடுவதும் வேண்டாம், ஈரலுக்கு இரட்டை அடி. வயிற்றில் பிள்ளை இருப்பவளுக்கு ஸ்டவுட்டும் வேண்டாம், பிராந்தியும் வேண்டாம், ஒரு சொட்டுகூட. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று ஸ்டவுட் கொடுக்கச் சொல்லும் பெரியம்மாவிடம் சிரித்துக்கொண்டே தலையாட்டுங்க, போத்தலை மட்டும் திறக்காதீங்க. மதுசாரம் தாய்ப்பாலில் கலக்கும், பால் இறங்குவதும் குறையும்.

பண்டிகைக்கு வந்தவர்களைத் தடுக்க முடியாது, தெரியும். அப்படியென்றால் முதலில் சோறு, இறைச்சிக்கறி வையுங்க. போத்தல் பிறகு வரட்டும். பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு இருக்கட்டும். ஸ்ட்ரோங் டின்னை ஒருவருக்கு ஒன்றென்று நீட்டாமல் கிளாஸில் ஊற்றி இரண்டு பேருக்குப் பங்குபோடுங்க. மோட்டார் சைக்கிள் சாவி உங்கள் முந்தானையில் இருக்கட்டும்.

தினமும் நிறையக் குடித்துப் பழகியவர் வீம்புக்கு ஒரே நாளில் நிறுத்தினால் மட்டும் கவனமாக இருங்க. கை நடுக்கம், வியர்வை, இல்லாததைக் கண்டு பேசுவது, வலிப்பு என்று எது வந்தாலும் சாமியாடுகிறார் என்று வேப்பிலை எடுக்காதீங்க. 1990க்கு அடிச்சு அம்புலன்ஸைக் கூப்பிடுங்க. முடிந்தால் நிறுத்துவதற்கு முன்னமே ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் கூட்டிப்போய், எவ்வளவு குடிக்கிறார் என்பதை மறைக்காமல் சொல்லுங்க. நடுக்கம் வராமல் படிப்படியாக நிறுத்த மருந்து இருக்கிறது.