பழைய பிக்கப்பின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பழைய அமெரிக்கப் பிக்கப் டிரக்குகளின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் அழுத்தத்தால் இயங்குவது. முன்பக்கத்து பம்ப் ஆயிலை அழுத்தி அனுப்புகிறது. வால்வ் பாடி அதை வேண்டிய வழியில் திருப்பிவிடுகிறது. அந்த அழுத்தத்தில் கிளட்ச் பிளேட்டுகள் இறுகுகின்றன, அல்லது ஒரு பட்டை டிரம்மைச் சுற்றிப் பிடிக்கிறது. எந்த கியருக்கு எந்தக் கிளட்ச், எந்தப் பட்டை என்பது மாறாத கணக்கு. ஜெனரல் மோட்டார்ஸின் 700ஆர்4, அதன் வழிவந்த மின்னணு வகையான 4எல்60-இ, ஃபோர்டின் சி6, இ4ஓடி, கிரைஸ்லரின் டார்க்ஃப்ளைட் 727 எல்லாவற்றுக்கும் இது பொதுவானது. ஆகவே கோளாறு எந்த கியரில், எந்தச் சூட்டில், எந்த வேகத்தில் தலைகாட்டுகிறது என்று முதலில் குறித்துக்கொண்டால் பாதி விடை அதிலேயே இருக்கும். பழுதுபார்ப்பில் புழங்கும் சில நம்பிக்கைகள் இந்த எளிய வழியை மறைத்து, நல்ல நிலையில் உள்ள கியர்பாக்ஸையும் கழற்ற வைத்துவிடுகின்றன.

நம்பிக்கை: ஸ்லிப் ஆனால் கிளட்ச் தேய்ந்துவிட்டது

ஆயில் குறைந்தாலும் ஸ்லிப் ஆகும், கூடினாலும் ஆகும். குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். கூடினால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரை அமுங்கிப்போவதால் அழுத்தம் நிற்காது. அதனால் முதல் சோதனை டிப்ஸ்டிக்தான், அதையும் முறையாகப் பார்க்க வேண்டும். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், ஆயில் சூடேறியிருக்க வேண்டும், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். லீவரை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை கொண்டுபோய்த் திரும்பிய பிறகு அளவு பார்க்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு வண்டிகளில் இது பார்க் நிலையில். கிரைஸ்லரின் பின்சக்கர இயக்க டிரக்குகளில் நியூட்ரலில். இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் பார்க்கில் அளந்து தவறான அளவில் ஆயில் ஊற்றப்பட்ட டார்க்ஃப்ளைட்கள் உண்டு.

டிப்ஸ்டிக்கில் ஆயில் இளஞ்சிவப்பாகப் பால்போலக் கலங்கி வந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் உடைந்து கூலன்ட் கலந்துவிட்டது என்று பொருள். ரேடியேட்டரை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. கிளட்ச் பிளேட்டில் லைனிங்கை ஒட்டியிருக்கும் பசையை அந்தக் கலவை இளக்கிவிடும். சில நாள் நன்றாக ஓடிய பிறகும் லைனிங் உரியக்கூடும்.

நம்பிக்கை: த்ராட்டில் கேபிள் வெறும் கிக்டவுன் கேபிள்

மிகப் பெரிய செலவை இழுத்துவிடும் நம்பிக்கை இதுதான். அதன் வேர் ஜெனரல் மோட்டார்ஸின் முந்தைய டர்போ ஹைட்ராமேட்டிக் 350-இல் இருக்கிறது. அந்த கியர்பாக்ஸில் கேபிளின் வேலை, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் கியரை ஒருபடி இறக்குவது மட்டுமே. அழுத்தத்தை நிர்ணயிப்பது இன்ஜின் வேக்கத்தில் இயங்கும் மாடுலேட்டர். கேபிள் அறுந்தாலும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்.

1982-இல் வந்த 700ஆர்4-இல் மாடுலேட்டர் கிடையாது. ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைக் கேபிள்தான் வால்வ் பாடிக்குச் சொல்கிறது. கியர் எப்போது மாற வேண்டும், கிளட்சுகளை எவ்வளவு அழுத்தத்தில் பிடிக்க வேண்டும் இரண்டும் அதைப் பொறுத்தவை. கேபிள் தளர்ந்திருந்தால் கியர்கள் சீக்கிரமாக, மென்மையாக மாறும். ஓட்டுபவருக்கு அது சுகமாகவே தெரியும். உள்ளே மூன்றாம், நான்காம் கியர்களுக்கான கிளட்ச் போதிய அழுத்தம் இல்லாமல் வழுக்கி எரிந்துகொண்டிருக்கும். கார்புரேட்டரை வேறு வகைக்கு மாற்றிய வண்டிகளில் இது அடிக்கடி நேர்கிறது. புதிய லிங்க்கேஜின் கோணம் பொருந்தாவிட்டால், கேபிளை மாட்டியிருந்தும் அது இழுக்கும் அளவு சரியாக அமையாது. இதற்கென விற்கப்படும் திருத்தப் பிராக்கெட்டைப் பொருத்தி, ஆக்ஸிலரேட்டர் முழுக்கத் திறந்த நிலையில் கேபிளைச் சரிசெய்ய வேண்டும். கியர்பாக்ஸைப் புதிதாகப் பிரித்துக் கட்டிவிட்டுக் கேபிளைக் கவனிக்காமல் விட்டால், புதுக் கிளட்சும் அதே கதிக்கு ஆளாகும்.

மாடுலேட்டர் உள்ள சி6, டர்போ ஹைட்ராமேட்டிக் 400 வகைகளில் வேறு வகை ஏமாற்றம் உண்டு. வேக்கம் ஹோஸ் வெடித்திருந்தால் இன்ஜின் பெரும் பளு இழுப்பதாக மாடுலேட்டர் எடுத்துக்கொள்ளும்; கியர்கள் தாமதமாக, அடித்து விழும். உள்ளிருக்கும் டயஃப்ரம் கிழிந்தாலோ இன்ஜினே அந்த ஹோஸ் வழியாக கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும். கீழே ஒரு சொட்டும் ஒழுகாது. ஆனால் ஆயில் குறைந்துகொண்டே போகும், சைலன்சரில் வெள்ளைப் புகை வரும். இன்ஜின் பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று தவறாக முடிவு கட்டுவதற்கு முன், மாடுலேட்டரில் மாட்டியிருக்கும் ஹோஸை உருவிப் பார்க்க வேண்டும். அதற்குள் ஆயில் ஈரம் இருந்தால் மாடுலேட்டரை மாற்றினால் போதும். அது வெளியிலிருந்தே கழற்றக்கூடிய சின்னப் பாகம்.

நம்பிக்கை: பழைய கியர்பாக்ஸில் ஆயில் மாற்றினால் அது செத்துவிடும்

பலர் ஆயில் மாற்றுவதே ஸ்லிப் தொடங்கிய பிறகுதான். எரிந்துபோன கிளட்சுக்குப் புது ஆயில் மருந்தாகாது. மாற்றிய சில நாளில் கியர்பாக்ஸ் நின்றுவிட்டால் பழி ஆயில்மேல் விழுகிறது. நன்றாக ஓடும் கியர்பாக்ஸில் சம்ப்பைக் கழற்றி ஃபில்டரும் ஆயிலும் மாற்றுவதில் ஆபத்து இல்லை. அப்படி மாற்றும்போது டார்க் கன்வெர்ட்டருக்குள் இருப்பது வெளியே வராது. மொத்த ஆயிலில் ஒரு பகுதிதான் புதிதாகிறது. நிறம் கறுத்திருப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. கருகிய வாடைதான் உண்மையான எச்சரிக்கை.

எல்லாச் சிவப்பு ஆயிலும் ஒன்று என்பதும் தவறு. டெக்ஸ்ரான், மெர்கான், ஏடிஎஃப்+4 ஆகியவற்றின் உராய்வுத் தன்மை வெவ்வேறு. ஸ்லிப்பை நிறுத்துவதாகச் சொல்லி விற்கும் பாட்டில் மருந்துகள் இறுகிப்போன ரப்பர் சீல்களைக் கொஞ்சம் உப்ப வைக்கும், அவ்வளவே.

நம்பிக்கை: ஸ்கேனர் கெட்ட பாகத்தைக் காட்டிக்கொடுக்கும்

அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து பொதுவான கோளாறுக் கோடு முறை வந்தது. அந்தக் கோடுகள் அறிகுறியைத்தான் சொல்கின்றன. 4எல்60-இ-யில் புகழ்பெற்ற பி1870, "ஸ்லிப் ஆகிறது" என்று பொதுவாகச் சொல்லும். அதைப் பார்த்தவுடன் கியர்பாக்ஸையே மாற்றியவர்கள் பலர். உண்மையில் பல வண்டிகளில் காரணம், டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் கிளட்ச்சைக் கட்டுப்படுத்தும் வால்வ் ஓயாமல் அசைந்து அலுமினிய வால்வ் பாடியில் தன் துளையைத் தேய்த்துவிட்டதுதான். ஆயில் சம்ப்பைக் கழற்றிச் செய்யும் வேலையோடு அது சரியாகும். ஃபோர்டின் இ4ஓடி-யில் ஓவர்டிரைவ் விளக்கு மினுக்கினாலும் ஏதோ ஒரு கோளாறு பதிவாகியுள்ளது என்றே பொருள். லீவர் நிலையைக் காட்டும் சென்சார் அங்கே அடிக்கடி கெடும்.

கோடே தேவைப்படாத ஒரு நிலையும் உண்டு. 4எல்60-இ-க்கு மின்சாரம் அறவே போகாவிட்டால் இரண்டு ஷிப்ட் சோலினாய்டுகளும் ஓய்ந்து மூன்றாம் கியரில் நிற்கும். அழுத்தமும் உச்சத்துக்குப் போகும். வண்டி சோம்பலாகக் கிளம்பும், ரிவர்ஸ் போட்டால் அடித்து விழும். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் பார்க்க வேண்டியது பியூஸ்.

நம்பிக்கை: ரிவர்ஸ் இல்லை என்றால் எல்லாம் போயிற்று

எந்தெந்த கியர்கள் சேர்ந்து மறைகின்றன என்பதே நோயறிதலின் மையம். 4எல்60-இ-யில் ரிவர்ஸ், இரண்டு, நான்கு மூன்றும் போய், ஒன்றும் மூன்றும் இருந்தால், அந்த மூன்று கியர்களுக்கும் பொதுவான சன் ஷெல் உடைந்திருக்கிறது. ரிவர்ஸ் நன்றாக இருந்து இரண்டும் நான்கும் மட்டும் போனால் சந்தேகம் பட்டைமேல் அல்லது அதை இறுக்கும் சர்வோமேல். மூன்றும் நான்கும் போய் மற்றவை இருந்தால் எரிந்தது 3-4 கிளட்ச்.

டார்க்ஃப்ளைட் 727-இல் லீவரே சோதனைக் கருவியாகிவிடுகிறது. டிரைவில் கிளம்ப முடியாமல், லீவரை 1-க்கு இறக்கினால் மட்டும் கிளம்பினால் ஒருவழிக் கிளட்ச் கெட்டிருக்கிறது. 1 நிலையில் அதன் வேலையைப் பின்பட்டை ஏற்றுக்கொள்கிறது. ரிவர்ஸும் மூன்றும் ஒருசேரப் போனால் முன்கிளட்ச். முன்னே போகும் கியர் எதுவும் இல்லாமல் ரிவர்ஸ் மட்டும் இருந்தால் பின்கிளட்ச். ஒரு ஸ்பேனர்கூடக் கையில் எடுக்காமல் இவ்வளவும் தெரிந்துவிடுகிறது.

கிளம்பும்போது சோம்பல், நெடுஞ்சாலையில் குறையில்லை என்றால் கிளட்ச்சைக் குறை சொல்ல முடியாது. டார்க் கன்வெர்ட்டருக்குள் ஸ்டேட்டரைப் பிடிக்கும் ஒருவழிக் கிளட்ச் வழுக்கினாலும் இப்படித்தான் இருக்கும்.

நம்பிக்கை: நடுக்கம் என்றால் கியர்பாக்ஸ்

மணிக்கு 65 முதல் 80 கிலோமீட்டரில், லேசாக மிதித்து ஓட்டும்போது, சாலையில் வரிவரியான மேடுகள்மேல் ஏறியதுபோல வண்டி அதிர்வதுண்டு. ஆக்ஸிலரேட்டரை அப்படியே வைத்து, இடது காலால் பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொட்டால் கன்வெர்ட்டர் கிளட்ச் விடுபடும். அதிர்வு உடனே நின்றால் சந்தேகம் அந்தப் பக்கம் வலுக்கிறது. நிற்காவிட்டால் யுனிவர்சல் ஜாயின்ட்டைப் பார்க்க வேண்டும். ஆனால் இந்தச் சோதனை மட்டும் போதாது. பளு கூடும்போது தப்பும் ஸ்பார்க் பிளக்கும் அதே அதிர்வைத் தரும். கன்வெர்ட்டர் விடுபட்டதும் இன்ஜினின் பளு குறைவதால் அதுவும் மறையக்கூடும். பிளக்கும் வயரும் சரியென்று உறுதியான பிறகே கன்வெர்ட்டருக்குப் போவது முறை.

நம்பிக்கை: சம்ப்பில் உலோகத்தூள் இருந்தால் கதை முடிந்தது

சம்ப்பின் காந்தத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய சாம்பல்நிறப் பசை இயல்பான தேய்மானம். கறுப்புத் துணுக்குகள் கிளட்ச் லைனிங். பித்தளை நிறத் துகள்கள் புஷ்ஷிலிருந்தும் வாஷரிலிருந்தும் வருபவை. இவை திரளாகக் கிடந்தால்தான் கழற்றும் பேச்சு எழ வேண்டும். அதற்கு முன்பும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது: கியர்பாக்ஸ் உடலில் உள்ள சோதனைத் துளையில் 300 பிஎஸ்ஐ வரை காட்டும் மீட்டரை மாட்டி ஒவ்வொரு நிலையிலும் அழுத்தம் பார்ப்பது. எல்லா நிலையிலும் குறைவாக இருந்தால் அடைத்த ஃபில்டர், பம்ப், ரெகுலேட்டர் வால்வ் ஆகியவற்றில் தேட வேண்டும். ஒரே ஒரு நிலையில் குறைந்தால் அந்த நிலைக்குரிய சீல் ஒழுகுகிறது. அழுத்தம் முழுமையாக இருந்தும் கியர் வழுக்கினால்தான் கிளட்ச் தேய்ந்திருப்பது உறுதி.