நல்ல சீட்டு வந்தால் எவ்வளவு வைப்பது? விழுப்புரம், திண்டிவனம் வீடுகளுக்குச் சில குறிப்புகள்

அப்பாக்களுக்கு ரம்மி தெரியும். கல்லூரிப் பிள்ளைகளுக்கு போக்கர் தெரிகிறது. கைக்கு இரண்டு சீட்டு, நடுவில் ஐந்து சீட்டு. முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று என்று திறக்கும். ஒவ்வொரு முறையும் பந்தயம் ஏறும். செல்போனில் பணம் வைத்து இதை ஆடுகிறவரிடம் "சூது கெட்டது" என்று மட்டும் சொன்னால் காதில் ஏறாது. கணக்குத் தெரிந்து பேசினால் கேட்பார்கள்.

1. முதலில் சட்டம். 2022இல் தமிழக அரசு கொண்டுவந்த ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தில் ரம்மியும் போக்கரும் இருந்தன. அவை திறமை ஆட்டங்கள் என்று சொல்லி, 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பகுதியை நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சே கிடையாது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டத்தை நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். இந்த மத்தியச் சட்டத்தில் ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. எனவே பணம் இழந்தவர் பயந்து வீட்டில் மறைக்க வேண்டியதில்லை.

2. ஆசை இருந்தால் வீட்டில் ஆடுங்கள், புளியங்கொட்டை வைத்து. ஆளுக்கு 100 கொட்டை. காசுக்கோ தின்பண்டத்துக்கோ மாற்றக் கூடாது. ஆட்டம் முடிந்ததும் எல்லாம் டப்பாவுக்குத் திரும்ப வேண்டும்.

3. இப்போது தலைப்புக் கேள்வி. கையில் இரண்டு ராணி, நடுவிலும் ஒரு ராணி என்று வைத்துக்கொள்வோம், வலுவான சீட்டு. நடுவில் 10 கொட்டை இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் நடுவில் இருப்பதில் பாதியை வைக்கிறீர்கள்: 5, பிறகு 10, பிறகு 20. எதிராளியும் அதே அளவு போட்டால் கடைசியில் நடுவில் 80 சேரும். உங்கள் கையிலிருந்து போனது 35. பாதிக்குப் பதில் நடுவில் இருக்கும் அளவையே வைத்தால் 10, 30, 90. மூன்று சுற்றில் நடுவில் 270 சேர வேண்டும். நீங்கள் போட வேண்டியது 130. உங்களிடம் இருந்ததோ 100. மூன்றாவது சுற்றிலேயே உங்கள் குவியல் காலி. பந்தயம் கூட்டிக்கூட்டி ஏறுவதில்லை, பெருக்கிப் பெருக்கி ஏறுகிறது. இதைக் கொட்டையை எண்ணிக் குவித்துக் காட்டுங்கள். வாயால் சொன்னால் புரியாது.

4. எதிராளியைக் கூடவே வர வைக்கச் சிறிதாக வைப்போம் என்று தோன்றும். நடுவில் சிதறலான சீட்டுகள் என்றால் சரி. நான்கு சீட்டு திறந்து அதில் இரண்டு ஆட்டின் இருந்தால் கூடாது. எதிராளி கையிலும் இரண்டு ஆட்டின் இருந்தால், இன்னும் ஒன்று வந்தால் ஒரே இனத்தில் ஐந்து சேர்ந்துவிடும். அவர் பார்க்காத 46 சீட்டில் ஆட்டின் 9. ஏறக்குறைய ஐந்தில் ஒரு வாய்ப்பு. நடுவில் 40 இருக்கும்போது நீங்கள் 20 வைத்தால், மொத்தம் 80ஐப் பிடிக்க அவர் 20 போட வேண்டும். ஐந்தில் ஒரு வாய்ப்புக்குக் கால் பங்கு விலை, அவருக்கு நட்டம். வெறும் 5 வைத்தால் 50ஐப் பிடிக்க அவர் 5 போட்டால் போதும். அடுத்த சீட்டை நீங்களே தானம் கொடுத்த மாதிரி.

5. இவ்வளவு கணக்குப் போட்டும் தோற்கலாம். கைக்கு வரும் சீட்டில் மிக உயர்ந்தது ஏஸ் ஜோடி. அது சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒரு முறைதான் வரும். நான்கு பேர் கடைசிவரை எதிர்த்து நின்றால் அதுவும் நூற்றுக்கு 56 முறைதான் ஜெயிக்கும். மோசமான சீட்டை எவரும் உடனே கீழே வைத்துவிடுவார்கள். அதில் பெரிதாகப் போவதில்லை. நல்ல சீட்டைத்தான் விட மனம் வராது. எதிராளியிடம் அதைவிட ஒரு படி மேலான சீட்டு இருந்தால், மூன்றாம் குறிப்பில் சொன்ன பெருக்கல் முழுதும் உங்கள் மேல் விழும். நல்ல சீட்டு வந்த அன்றுதான் கணக்கு காலியாகிறது என்பதைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

6. செல்போன் ஆட்டத்தில் யார் ஜெயித்தாலும் நடத்துகிறவருக்குப் பங்கு உண்டு. சுமார் 5 சதவீதம் வரை எடுப்பது வழக்கம். வீட்டு ஆட்டத்தில் நடுவில் சேரும் ஒவ்வொரு 20 கொட்டைக்கும் ஒன்றை எடுத்துத் தனி டப்பாவில் போடுங்கள். கொஞ்ச நேரத்தில் எல்லோர் குவியலும் இளைத்து அந்த டப்பா கனத்திருக்கும்.

7. தடைக்குப் பிறகும் டெலிகிராம் இணைப்பு வழியாக வெளிநாட்டுச் செயலிகள் வரும். பிளே ஸ்டோரில் இல்லாத எதையும் போனில் ஏற்றாதீர்கள். பணம் ஏமாந்தால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள்.

8. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மல்லாட்டையோ உளுந்தோ போட்டு வந்த பணத்தை யுபிஐ இணைத்த கணக்கில் விட்டுவைக்க வேண்டாம். அஞ்சலகத்திலோ யுபிஐ இல்லாத வேறு கணக்கிலோ போடுங்கள். அன்றாடச் செலவுக் கணக்கில் நாள் வரம்பைக் குறைத்து வைக்க வங்கிச் செயலியிலேயே வழி இருக்கும். இல்லாவிட்டால் கிளையில் கேளுங்கள்.

9. நள்ளிரவில் போன் வெளிச்சம், திடீர்க் கைமாற்று, கடன் செயலிகளிலிருந்து மிரட்டல் அழைப்பு: இவை தெரிந்தால் திட்ட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து மொத்தக் கடனையும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். "போனதைப் பிடிக்க ஒரே ஒரு ஆட்டம்" என்று கெஞ்சினாலும் பணம் தராதீர்கள்.

10. தமிழ்நாட்டில் 2003லேயே தடை செய்யப்பட்ட லாட்டரி, மூன்று நம்பர் என்ற பெயரில் திருட்டுத்தனமாக விற்கப்பட்டது. அதில் கடனாளியான விழுப்புரம் நகைத் தொழிலாளி ஒருவரின் குடும்பம் 2019 டிசம்பரில் மூன்று பெண் குழந்தைகளோடு உயிரை விட்டது. நம் ஊர் அதை மறக்கக் கூடாது. கடன் எவ்வளவானாலும் அடைக்க வழி உண்டு. மனம் உடைந்தவரைத் தனியே விடாதீர்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போகலாம். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, அரசு உதவி எண் 104 இரண்டும் இரவிலும் எடுப்பார்கள். இரண்டையும் இன்றே வீட்டில் எல்லோர் போனிலும் பதிந்து வையுங்கள்.