கேட்டது போதும், பாடுங்கள்

வேலைக் களைப்புக்குப் பாட்டு மருந்து என்று எல்லோரும் சொல்வார்கள். எப்படிச் சாப்பிடுவது என்றுதான் யாரும் சொல்வதில்லை. கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்தவர்களுக்குக் கீர்த்தனை, ஞானப்பாட்டு, பாமாலை, ஜெபக்கூட்டப் பாடல்கள் என்று கைவசம் ஒரு களஞ்சியமே இருக்கிறது. அதை மின்சார ரயிலில் இயர்போனில் ஓடவிடுவதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். தாம்பரத்தில் ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்குவதற்குள் பத்துப் பாட்டு ஓடியிருக்கும். நடுவே நாலு வாட்ஸ்அப் செய்தி, மேலாளரின் போன். என்ன பாட்டு கேட்டோம் என்பதே நினைவிருக்காது.

கேட்பதைக் குறைத்துப் பாடுவதைக் கூட்டுங்கள். பாடும்போது மூச்சைச் சட்டென்று இழுத்து, ஓர் அடி முடியும் வரை நிதானமாக விட வேண்டியிருக்கிறது. உடம்பின் படபடப்பு தணிய இது நல்ல வழி. மனம் அலுவலக மெயிலுக்குத் தாவினால் தாளம் தப்பிவிடும், அதனால் தாவாது.

தனியாகப் பாடக் கூச்சமா? சபையின் கொயரில் சேருங்கள். குரல் சுமாராக இருந்தாலும் பாதகமில்லை, டெனருக்கு எங்கேயும் ஆள் தட்டுப்பாடுதான். ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கத் தெரியாதவர்கள்கூட டோனிக் சோல்ஃபா எழுத்துகளை வைத்துக்கொண்டு நான்கு குரலிலும் பாடிவிடுகிறார்கள். அங்கே வங்கி அதிகாரியும் லேப் டெக்னீஷியனும் ஒரே வரிசை. பக்கத்தில் நிற்பவர் குரல் காதில் விழாத அளவுக்கு நீங்கள் உரக்கப் பாடினால் கொயர் மாஸ்டர் முறைப்பார். மீட்டிங்கில் பேசுகிறவர்களுக்கும் இந்தப் பயிற்சி தேவை.

நேரமில்லை என்பீர்கள். மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப் வேலை பார்த்தவர். வழக்குக் கட்டுகளுக்கு நடுவேதான் தமிழும் இசையும் வளர்த்தார். தஞ்சை ஆபிரகாம் பண்டிதருக்குச் சோறு போட்டது சித்த மருத்துவம். அவர் கிறிஸ்தவப் பாடல்களும் இயற்றினார், 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெரும் இசை நூலையும் வெளியிட்டார். நமக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் கிடைக்காதா?

அந்த இரண்டு மணி நேரத்தைக் காப்பாற்றுவதில்தான் சாமர்த்தியம். சனிக்கிழமை மாலை பிராக்டிஸ் என்றால், வேலையில் சேரும்போதே மேலதிகாரியிடம் சொல்லிவிடுங்கள். ஷிப்ட் வேலை என்றால் மாற்றிக்கொள்ள ஒரு சக ஊழியரைப் பேசி வையுங்கள்; தீபாவளி, ரம்ஜானுக்கு நீங்கள் அவருக்காக நிற்க வேண்டும். டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் நள்ளிரவு தாண்டியும் நீளும். காலாண்டுக் கணக்கு முடிக்கும் நெருக்கடியும் அதே மாதம்தான். விடுப்பை நவம்பரிலேயே எழுதிக்கொடுங்கள், எல்லா இரவும் போயே தீருவேன் என்று அடம்பிடிக்காதீர்கள்.

சபையே இன்னோர் ஆபீஸாகிவிடும் ஆபத்தும் உண்டு. கொயர், ஞாயிறு பள்ளி, வாலிபர் சங்கம், கன்வென்ஷன் இசைக்குழு என்று எல்லாவற்றிலும் பெயர் கொடுத்தால், திங்கட்கிழமை காலையில் இருமடங்கு களைப்போடுதான் எழுந்திருப்பீர்கள். ஒன்று போதும். ஐயரோ பாஸ்டரோ கேட்டாலும், பணிவாக மறுக்கலாம்.

அலுவலகத்தில் ஸ்பீக்கரில் பாட்டு வைப்பது எந்த மதத்தாருக்கும் அழகல்ல. கிறிஸ்துமஸ் விழாவில் பாடச் சொன்னால் தாராளமாகப் பாடுங்கள், பாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கத்தோலிக்கரான வேதநாயகம் பிள்ளை 1878-இல் வெளியிட்ட நூலுக்கு ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ என்றே பெயர் வைத்தார். அந்தக் கீர்த்தனைகளைக் கர்நாடக மேடையில் மதம் பார்க்காமல் பாடியிருக்கிறார்கள்.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேரே வீட்டுக்குக் கிளம்பாமல், கொயர் மாஸ்டரிடம் போய்ப் பேசுங்கள். டெனர் என்று சொன்னால் அன்றைக்கே சேர்த்துக்கொள்வார்.