பிள்ளையின் ஈறில் தடவும் மருந்து



பயணத்தில் ஒரு தோழருக்குக் கல் பட்டுத் தலையில் காயம். குளிப்பு கடமையாகிவிட்டது. தயம்மும் செய்துகொள்ளலாமா என்று கூட இருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கிறதே, கூடாது என்றார்கள். குளித்தார், மவ்த்தாகிவிட்டார். தெரியாதபோது ஏன் விசாரிக்கவில்லை என்று நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். அபூதாவூதில் வரும் சம்பவம் இது. பதில் சொன்னவர்கள் விரோதிகள் அல்ல, அவருடைய நண்பர்கள்தாம்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். பல் முளைக்கும் குழந்தை இரவெல்லாம் அழுகிறது. வெளிநாட்டிலிருந்து வந்த மச்சான் கொடுத்த மரப்பு ஜெல் பீரோவில் இருக்கிறது. எடுத்துத் தடவுகிறோம். அதில் பென்சோகெயின் இருக்கிறதா என்று யார் பார்த்தோம்? இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018-ல் எச்சரித்திருக்கிறது.

காரணம் என்ன? ரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் இரும்பு இருக்கிறது. ஆக்சிஜனைச் சுமப்பது அதுதான். இந்த மருந்து சிலருடைய உடலில் அந்த இரும்பை மாற்றிவிடுகிறது. மாறிய இரும்பு ஆக்சிஜனைப் பிடிக்காது. மீதி நல்லதாக இருப்பதும், பிடித்ததை உடலுக்குச் சரியாக விடாது. நுரையீரல் நன்றாக இருக்கும், மூச்சும் ஓடும், பிள்ளைக்கு மட்டும் மூச்சு முட்டும். உதடும் நகமும் நீலமாகும், ரத்தம் சாக்லேட் நிறமாகும். மெத்ஹீமோகுளோபினீமியா என்று இதற்குப் பெயர். முதல் தடவை தடவும்போதே வரலாம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியை நம்பாதீர்கள்; நிலைமை மோசமானாலும் அது 85 பக்கமே காட்டிக்கொண்டிருக்கும்.

பெரியவர்களுக்கும் சொல்கிறேன். தொழுநோய்க்கும் சில தோல் நோய்களுக்கும் கொடுக்கும் டாப்சோன் மாத்திரையும் இதைச் செய்யும். ஒருவருக்கு எழுதியதில் மிச்சமிருப்பதை இன்னொருவர் விழுங்குவதற்கு மார்க்கத்தில் என்ன ஆதாரம்?

மாற்று மருந்து இருக்கிறது. மெத்திலீன் புளூ என்ற நீல மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள். ஆனால் ஜி6பிடி குறைபாடு உள்ளவருக்கு அதுவே சிவப்பணுக்களை உடைத்துவிடலாம். குடும்பத்தில் யாருக்காவது அது இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.

எனக்குப் பெரிய பயம் இதுதான்: மாமியார் திட்டுவார், டாக்டர் திட்டுவார் என்று, மருந்து தடவியதையே மறைத்துவிடுவது. பிள்ளை நீலமானால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். என்ன தடவினோம், எப்போது தடவினோம் என்று சொல்லுங்கள். அந்த டியூபையும் கையோடு கொண்டு போங்கள்.