கவராயமும் கோலும்

க்ஷேத்திர கணிதம் பயிலும் மாணாக்கர் பலர், கவராயத்தை எங்கே ஊன்றுவது, எத்தனை வில் வரைவது என்பவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, அவ்விதம் வரைவதேன் என வினவாது விடுகின்றனர். பரீட்சையில் ஒரு படி மறந்தால் கணக்கு முழுவதும் கைவிட்டுப் போகிறது. இக்குறை நீங்க வேண்டின், இயங்குவரை அல்லது நியமப்பாதை என்னும் கருத்தைப் பற்றிக்கொள்ளல் வேண்டும்.

ஒரு நிபந்தனைக்கு அடங்கி இயங்கும் புள்ளி செல்லும் பாதையே நியமப்பாதையாம். ஒரு தளத்தில், நிலைத்த புள்ளியொன்றினின்று 5 செ.மீ. தூரத்திலேயே இயங்கும் புள்ளி வட்டத்தை அமைக்கும். இரு புள்ளிகளுக்குச் சமதூரத்தில் இயங்குவது, அவற்றை இணைக்குங் கோட்டை நடுவிற் செங்குத்தாக வெட்டும் மையக்குத்துக்கோட்டை அமைக்கும். நிபந்தனை ஒன்றாயின் கிடைப்பது பாதை. இரண்டாயின், அவ்விரு பாதைகளும் சந்திக்குமிடமே நாம் தேடும் புள்ளி.

யூக்கிளிட் சுமார் கி.மு. 300-இல் இயற்றிய மூலநூலின் முதற் கணக்கே இதற்குச் சான்றாகும். கத என்னுங் கோட்டின்மேல் சமபக்க முக்கோணம் அமைக்க, க, த இரண்டையும் மையமாகவும், கத-வை ஆரமாகவும் கொண்டு இரு வட்டங்கள் வரைகிறோம். அவை வெட்டுமிடம் மூன்றாம் உச்சியாகும்.

இனி, மூன்று ஊர்களுக்குச் சமதூரத்தில் ஒரு கிணறு தோண்டுவதாகக் கொள்வோம். முதலிரண்டு ஊர்களுக்கு ஒரு மையக்குத்துக்கோடும், பின்னிரண்டு ஊர்களுக்கு மற்றொன்றும் வரைந்தால், அவை வெட்டுமிடமே கிணற்றுக்குரிய இடம். ஊர்கள் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருந்தாலோ, அக்கோடுகள் இணையாகி ஒருபோதும் சந்திக்கமாட்டா. அங்கே "இடமில்லை" என்பதே சரியான விடை. அது வரைபவர் கைக்குற்றமன்று.

கோணத்தை இருசமமாக்குதல் எளிது. மூன்று சமமாக்கவோ, பண்டைக் கிரேக்கர் முதலாக அறிஞர் பலர் முயன்றனர். அளவு குறியாத கோலும் கவராயமும் மாத்திரங் கொண்டு எல்லாக் கோணங்களையும் அவ்வாறு பிரித்தல் இயலாதென்று, பிரெஞ்சு நாட்டுப் பியர் வாண்ட்செல் 1837-இல் நிரூபித்தார். 90° பிரியும், 60° பிரியாது. கோடும் வட்டமும் வெட்டும் புள்ளிகள் வர்க்கமூலத்தால் அடையத்தக்கவை; 60°-இன் மூன்றிலொரு பங்கோ, வர்க்கமூலங்களுக்கு அடங்காத மூன்றாம்படிச் சமன்பாட்டை வேண்டி நிற்கிறது.

ஆகையால், கவராயத்தைக் கையிலெடுக்குமுன் மாணாக்கர் தம்மையே மூன்று கேள்விகள் கேட்பாராக: நிபந்தனைகள் எவை? ஒவ்வொன்றும் தரும் பாதை யாது? அப்பாதைகள் சந்திக்குமா? இவற்றுக்கு விடை கண்டோர்க்கு வரையும் முறை தானே விளங்கும். மறந்தாலும் மீண்டும் கண்டுகொள்ளலாம்.