சேமித்த டீசல் எண்ணெயில் நீர் கலத்தலும் அதனைத் தடுக்கும் முறைகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மானாவாரி நெற்செய்கை மழையின் காலக்கணக்குக்கு அடங்கி நடப்பதாகும். தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் வலிகாமம் மேற்கிலும் முதல் மழை விழுந்து நிலம் பதமடைந்ததும், அப்பதம் மாறுமுன் உழுது விதைத்து முடித்தல் வேண்டும். அத்தகைய நாளில் உழவு இயந்திரம் வயலின் நடுவே நின்றுவிடுமாயின், பழுது பார்க்கும் செலவைவிடப் பருவம் தவறுவதால் வரும் நட்டமே பெரிதாகும். பல வேளைகளில் இதற்குக் காரணம் இயந்திரத்தின் குற்றமன்று. வீட்டில் வைத்திருந்த எண்ணெய்ப் பீப்பாவின் அடியில் தங்கிய நீரேயாகும்.

குடாநாட்டுக் கமக்காரர் எரிபொருளைச் சேமித்து வைப்பதற்குக் காரணம் உண்டு. 1990ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது டீசலும் மண்ணெண்ணெயும் கிடைத்தற்கரிய பொருள்களாயின. 2022ஆம் ஆண்டு நாடு முழுவதும் எரிபொருட் பஞ்சம் ஏற்பட்டபோது கமக்காரர் நீண்ட வரிசைகளில் காத்து நின்றனர். கிடைத்த வேளையில் வாங்கி வைத்தல் நல்லதே. ஆனால் வாங்கியதைப் பேணும் முறை அறியாதவிடத்து, அரிதிற் பெற்ற எண்ணெயே இயந்திரத்துக்குப் பகையாக முடியும்.

நீர் வரும் வழிகள்

முதலாவது வழி மழை. 200 லீற்றர்ப் பீப்பாவை வெளியிலே நிமிர்த்தி வைத்தால், மேல் விளிம்புக்குள் மழைநீர் தேங்கும். ஒரு சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் தேங்கிய நீர் ஏறத்தாழ இரண்டரை லீற்றராகும். பகலில் வெயிலால் விரிந்த எண்ணெயும் காற்றும் இரவிற் குளிர்ந்து சுருங்கும். வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் குறையுமாயின், 200 லீற்றர் டீசல் மட்டும் ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் சுருங்கும். அச்சுருக்கத்தால் உண்டாகும் இழுவை, மூடித் திருகின் புரியிடுக்கு வழியே மேலே தேங்கிய நீரை உள்ளே இழுத்துவிடும். மூடி இறுக்கமாக இருப்பதாகத் தோன்றினாலும் இது நிகழக்கூடும்.

இரண்டாவது வழி காற்றின் ஈரம். 30 பாகை வெப்பத்தில் ஈரம் நிறைந்த ஒரு கனமீற்றர்க் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைக் கொண்டிருக்கும். அரைவாசி வெறுமையான பீப்பாவில் இது மூன்று கிராம் அளவேயாகும். ஆயினும் நாள்தோறும் புதுக்காற்று உட்புகுந்து, இரவிலே உட்சுவரில் வியர்த்து வடிவதால், மாரிகாலம் முடியுமுன் அடியில் நீர் காணப்படும்.

மூன்றாவது வழி கவனக்குறைவு. கழுவி உலர்த்தாத கலன், மழையில் நனைந்த புனல், மூடியின்றி விடப்பட்ட இயந்திரத் தாங்கி என்பன இதற்கு உதாரணங்களாகும்.

நீரினால் விளையும் கேடு

டீசல் நீரைவிடப் பாரம் குறைந்தது. ஆதலால் நீர் அடியில் தங்கும். குடாநாட்டின் காற்றிலே கடலுப்பு கலந்திருப்பதால் இங்கு இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். அடியிலே நீர் நின்றால் பீப்பாவின் உட்புறமும் அவ்வாறே அரிபடும். எண்ணெயும் நீரும் சந்திக்கும் படையிலே பங்கசுகளும் பற்றீரியாக்களும் வளர்ந்து கரிய வழுவழுப்பான பொருளை உண்டாக்கும். அது வடிகட்டியை அடைத்துவிடும்.

எண்ணெய் உட்செலுத்தும் பம்பியின் உறுப்புகளுக்கிடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே. அவ்வுறுப்புகளுக்கு வழுவழுப்புத் தருவது டீசலேயாகும். நீருக்கு அக்குணம் இல்லை. நீர் புகுந்தவிடத்து உறுப்புகள் உராய்ந்து தேயும். இயந்திரம் ஓடாது நிற்கும் நாட்களில் துருப்பிடித்து இறுகும். இப்பம்பியைச் செப்பனிடுதல் வீட்டில் இயலாத வேலை, செலவும் மிகுதி.

நீரைக் கண்டறியும் முறை

பீப்பாவின் ஆழத்திலும் நீளமான, இருபுறமும் திறந்த, தெளிவான குழாயொன்றை எடுத்து, மேல் வாயைப் பெருவிரலால் அடைத்து அடிவரை இறக்குதல் வேண்டும். அடியைத் தொட்டதும் விரலை எடுத்து, மீண்டும் அடைத்து வெளியே எடுத்தால், அடியிலுள்ளது குழாய்க்குள் வரும். அதனைத் தெளிவான கண்ணாடிப் போத்தலில் விட்டு ஒரு மணி நேரம் அசையாது வைத்தல் வேண்டும். நல்ல டீசல் தெளிந்து ஒளி ஊடுருவத்தக்கதாக இருக்கும். அடியில் வேறொரு படை தோன்றினால் அது நீர். எண்ணெய் மங்கலாகவே இருந்தால், நுண்ணிய நீர்த்துளிகள் இன்னும் கலந்துள்ளன என்று கொள்ள வேண்டும். வாயினால் எண்ணெயை உறிஞ்சி இழுக்கலாகாது. அது சுவாசப்பையிற் சென்றால் உயிருக்கே ஆபத்தாகும்.

சேமிக்கும் முறை

1. பீப்பாவை நிழலுள்ள, மழை படாத கொட்டிலில், அடுக்களைக்கும் கிணற்றுக்கும் தொலைவாக வைக்கவும்.

2. பீப்பாவை மரத் தாங்கியின்மேற் படுக்க வைத்து, குழாய்ப்பக்கம் சில அங்குலம் உயர்ந்திருக்கச் செய்யவும். நீரும் மண்டியும் மறுபக்கத்தில் தங்கும்.

3. நிமிர்த்தியே வைக்க நேர்ந்தால், ஒருபுறம் கட்டை கொடுத்துச் சரித்து வைக்கவும். மூடிகள் இரண்டும் நீர் தேங்கும் பள்ளப்பக்கத்தில் அமையாதவாறு பார்த்துக்கொள்ளவும்.

4. நாகம் பூசிய வாளிகளில் டீசலைச் சேமிக்க வேண்டாம். நாகம் எண்ணெயுடன் தாக்கமுற்று வடிகட்டியை அடைக்கும் பொருள்களை உண்டாக்கும்.

5. புதிதாகக் கொண்டுவந்த அல்லது இடம் மாற்றிய பீப்பாவை ஒரு நாள் அசையாது வைத்த பின்னரே எண்ணெய் எடுக்கவும். அடியிலுள்ள மூன்று அங்குல எண்ணெயை இயந்திரத்துக்கு விட வேண்டாம்.

6. நாளின் வேலை முடிந்ததும் மாலையிலேயே இயந்திரத்தின் தாங்கியை நிரப்பி வைக்கவும். வெற்றிடம் குறைந்தால் இரவில் வியர்க்கும் நீரும் குறையும்.

7. முந்தி வாங்கியதை முந்திப் பயன்படுத்தவும். ஒரு பருவத்து எண்ணெயை மறு பருவம்வரை வைத்திருத்தல் நன்றன்று.

துணியினால் வடித்தால் நீர் நீங்கிவிடும் என எண்ணுவது தவறு. துணி தூசியைத் தடுக்கும். நுண்ணிய நீரைத் தடுக்காது.

இயந்திரத்தில் நீர் புகுந்துவிட்டால்

இயந்திரம் வெண்புகை கக்கித் தடுமாறினால் நீரென ஐயுற்று உடனே நிறுத்துதல் வேண்டும். மீண்டும் மீண்டும் இயக்க முயலலாகாது. தாங்கியின் அடித்திருகைக் கழற்றி எண்ணெய் முழுவதையும் கலனொன்றில் வடிக்கவும். வண்டற் கிண்ணத்தைத் துடைத்து, வடிகட்டியைப் புதிதாக மாற்றவும். தெளிந்த எண்ணெய் நிரப்பி, கைப்பம்பியை அடித்து, முதலில் வடிகட்டியிலும் பின்னர்ப் பம்பியிலும் உள்ள காற்று விடும் திருகுகளைத் தளர்த்தி, குமிழியின்றி எண்ணெய் வரும்வரை காற்றை வெளியேற்றவும். அதன் பின்னும் இயங்காவிடின் தேர்ந்த பொறிவல்லுநரை அழைத்தலே நன்று. இருசில்லு உழவு இயந்திரத்துக்கும் டீசலில் இயங்கும் இறைப்பு இயந்திரத்துக்கும் இக்கவனம் வேண்டும்.

வடித்த நீரை என் செய்வது?

இவ்விடயம் குடாநாட்டுக்குச் சிறப்பாக உரியது. இங்கு வற்றாத ஆறு இல்லை; குடிநீரும் பயிருக்கான நீரும் பெரும்பாலும் சுண்ணாம்புக்கற் படையில் தங்கும் நிலத்தடி நீரேயாகும். மேல்மண் பல இடங்களில் ஆழமற்றது. கீழுள்ள கல்லோ வெடிப்புகளும் துளைகளும் உடையது. நிலத்தில் ஊற்றியது வடிகட்டப்படாது கிணற்றை அடையக்கூடும். சுன்னாகம் அனல்மின் நிலையச் சூழலில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்த துன்பத்தைக் குடாநாட்டார் கண்டுள்ளனர். அவ்வழக்கில் 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு மின்னுற்பத்திக் கம்பனிக்குக் கட்டளையிட்டது.

பீப்பாவில் வடிக்கும் நீர் சிறிதளவாயினும், அதனை வரம்பிலோ வாய்க்காலிலோ கிணற்றடியிலோ ஊற்றலாகாது. மூடியுள்ள தனிக் கலனொன்றிற் சேர்த்துச் சில நாள் தெளியவிட்டால் மேலே எண்ணெய் மிதக்கும். அதனை எடுத்து, மேற்கூறிய போத்தற் சோதனையில் தெளிவாக இருந்தால் மட்டும் பயன்படுத்தலாம். எஞ்சிய நீரையும் மண்டியையும், எண்ணெய் பிரிக்கும் தொட்டியுள்ள வாகனச் சேவை நிலையத்தில் ஒப்படைத்தல் வேண்டும்.

ஆவணி மாதத்தில், விதைப்பு வேலை தொடங்குமுன், ஒரு காலைப்பொழுதை ஒதுக்கிப் பீப்பாவின் அடியையும் இயந்திரத் தாங்கியின் அடியையும் சோதித்து நீரை வடித்துவிடுதல் ஒவ்வொரு கமக்காரரும் கைக்கொள்ளத்தக்க வழக்கமாகும். அவ்வொரு காலையின் வேலை விதைப்புப் பருவத்தைக் காக்கும். வடித்த நீரை முறையாக அகற்றுதல் கிணற்றைக் காக்கும்.